ஆறு ஊர் வரத்துக் கால்வாய்க் குப்பையும் தெருக்கூத்தும்: பணத்துக்கு எங்கே போவது?

ஏரிக்கரை கேட்டது:

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கம். ஒரே ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாயை ஒட்டி ஆறு ஊர்கள், மூன்று ஊராட்சிகள். கால்வாய் நெடுக வீட்டுக் குப்பை. சிறுபாலங்களின் குழாய் வாயில் பால் கவரும் கோழிக்கடைக் கழிவும் அடைத்துக்கொள்வதால், மழை பெய்தாலும் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் வயலில் ஏறி நிற்கிறது.

இதை வைத்து ஆறு ஊரிலும் தெருக்கூத்து போட ஒரு ஜமா (கூத்துக் குழு) தயாராக இருக்கிறது, மொத்தம் 12 பேர். ஊருக்கு 40,000 வீதம் 2,40,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். ஜமாவுக்கும் சரி, கூட நிற்கும் இளைஞர் குழுவுக்கும் சரி, பதிவு எதுவும் கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணம் கேட்கலாமா? இப்போதே டிரஸ்ட் பதிவு செய்தால் உதவுமா? அரசு வழி ஏதாவது உண்டா?

பேரேடு எழுதியது:

பதிவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது தெரியாமல் கம்பெனி வாசலுக்குப் போனால் நடையாய் நடக்க வேண்டியதுதான்.

வெளி அமைப்பு ஒன்றுக்கு ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணம் தர வேண்டுமானால், அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரித் துறைப் பதிவுகள் இரண்டும் இருக்க வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும் (2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம்). இதுபோன்ற வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். ஆகவே இன்று டிரஸ்ட் பதிந்தால் இந்த ஆண்டுக்கு உதவாது. நாளைக்கு வேண்டும் என்று நினைத்தால் பதிந்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஆண்டுக்கு வழி, மேலே சொன்ன எல்லாம் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தைத் தாங்கு அமைப்பாகப் பிடிப்பதுதான். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், வேலை உங்களுடையது. பல திட்டங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். வாய்ப் பேச்சில் விடாமல் ஒப்பந்தம் எழுதுங்கள். நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எத்தனை விழுக்காடு எடுப்பார்கள் (5 முதல் 8க்குள் பேசி முடிக்கப் பாருங்கள்), பணம் வந்த எத்தனை நாளில் கலைஞர் கணக்குக்குப் போகும், ரசீது யார் பெயரில், வாங்கும் பொருள் முடிவில் யாருக்குச் சொந்தம், நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன செய்வது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது, எந்தக் கம்பெனி. நிகரச் சொத்து மதிப்பு (கடன் போக) 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே அந்தக் கம்பெனி கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கடிதத்தின் முதல் பத்தியில் அதை எழுதுங்கள், தொழிற்சாலை வாயிலிலிருந்து உங்கள் ஏரி எத்தனை கிலோமீட்டர் என்பதோடு. பெரிய கம்பெனியில் ஆலை மேலாளர் நல்ல மனிதராக இருந்தாலும் முடிவு தலைமை அலுவலகக் குழுவிடம்தான். ஆண்டுச் சிஎஸ்ஆர் பொறுப்பு 50 லட்சத்துக்கு மேல் போகாத கம்பெனிக்குத் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். உங்கள் அளவுத் திட்டத்துக்கு அப்படிப்பட்ட கம்பெனிதான் தோது.

எந்தத் தலைப்பில் கேட்பது? கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளுக்கு இடம் உண்டு. ஆனாலும் சுற்றுச்சூழல், நீர் பாதுகாப்பு என்ற இனத்தை முன்னால் வைத்து, கலையை இரண்டாவதாகக் காட்டுங்கள். 'ஒரு நாள் நிகழ்ச்சி' வாடை மட்டும் வரக் கூடாது. மாரத்தான், விருது விழா போன்ற ஒருமுறை நிகழ்ச்சிகள் சிஎஸ்ஆர் ஆகாது என்று அமைச்சகம் 2014லேயே தெளிவுபடுத்திவிட்டது. 'ஆறு கூத்து நடத்த நிதி' என்று எழுதினால் தணிக்கையாளர் அடித்துவிடுவார். 'வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டும் இடங்களைக் குறைக்க ஐந்து மாதத் திட்டம்' என்று எழுதி, கூத்தை அதன் நடுவில் வையுங்கள்.

பின்பாட்டு எழுதியது:

பேரேடு சொன்னது பணத்தின் பக்கம். 2,40,000 என்ற கணக்கு எனக்கு உறுத்துகிறது. அதில் ஆடும் இரவுக்குத்தான் காசு இருக்கிறது, கூத்தை உருவாக்கும் நாளுக்கு இல்லை. ஒத்திகைக் கூலி இல்லாவிட்டால் ஜமா என்ன செய்யும்? பழைய கதையை அப்படியே ஆடி, நடுவில் நாலு வரி 'குப்பை போடாதீங்க' என்று செருகிவிடும். ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

முதலில் ஊரைக் கேட்க வேண்டும். ஊருக்கு இரண்டு நாள், இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். காரணத்தை நேரில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். குப்பை வண்டி வரும் ஊரிலும் நாப்கினும் குழந்தை டயப்பரும் விடியும் முன்னே கால்வாய்க்குப் போவது ஏன்? வண்டி தள்ளி வரும் தூய்மைக் காவலர் தெரிந்த முகம், அவர் பிரித்துப் பார்ப்பாரே என்ற கூச்சம். பெண்கள் இதைப் பெண்ணிடம்தான் பேசுவார்கள். இது தெரியாமல் எழுதிய கூத்து, இல்லாத ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

கதை பாரதக் கதையாகவே இருக்கட்டும். கதையை விட்டு வெளியே வந்து ஊர்க்கதை பேசும் உரிமை கட்டியங்காரனுக்கு (கூத்தின் கோமாளிக்கு) உண்டு, அவனிடம் விடுங்கள். திரைக்குப் பின்னிருந்து வரும்போது குழாய் வாயில் எடுத்த கவர் மாலையைக் கழுத்தில் போட்டு வரட்டும். வசனத்தை யாரும் எழுதித் தர வேண்டாம், ஜமா வாத்தியார் பார்த்துக்கொள்வார். நிதி தருபவர் வசனத்தைத் திருத்தக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

என் கணக்கு இப்படி வருகிறது. அங்கங்கே கூலி மாறும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆடும் கூலி, 12 பேர் × 1,500 × 6 இரவு: 1,08,000
ஒத்திகை, 12 பேர் × 700 × 8 நாள்: 67,200
ஊர் கேட்கும் வேலை, 2 பேர் × 600 × 12 நாள்: 14,400
வாத்தியாருக்குத் தனியாக: 15,000
வேன், 6 × 4,000: 24,000
மைக், விளக்கு, ஜெனரேட்டர், 6 × 7,000: 42,000
சாப்பாடு, 15 பேர் × 200 × 14 நாள்: 42,000
கிரீடம், புஜகீர்த்தி (தோள் அணி), உடை பழுது பார்க்க: 20,000
ஒருங்கிணைப்பாளர், 5 மாதம் × 8,000: 40,000
படம், பதிவு: 15,000
கால்வாய் அளவெடுப்பு: 12,000

இதுவரை 3,99,600. தாங்கு அமைப்புக்கு 7 விழுக்காடு 27,972, எதிர்பாராச் செலவுக்கு 5 விழுக்காடு 19,980, தணிக்கைக்கு 10,000. ஆக மொத்தம் 4,57,552. இதில் முதல் நான்கு இனம் மட்டும் 2,04,600, கிட்டத்தட்ட 45 விழுக்காடு, நேரே கலைஞர் கைக்குப் போகிறது. இதைக் கீழே இறக்கச் சொன்னால் ஊரைக் குறையுங்கள். ஒத்திகையில் கை வைக்காதீர்கள்.

ஏரிக்கரை:

நன்றி. ஒத்திகையை விட்டது எங்கள் தவறுதான். இன்னும் மூன்று சந்தேகம். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் திரட்டித் தருகிறோம் என்கிறார்கள், அதை ஜமா தலைவர் கணக்கில் வாங்கலாமா? எந்த மாதம் போடுவது? கம்பெனி, மேடையில் பேனர் கேட்டால்?

மாசிமகம் எழுதியது:

வெளிநாட்டுப் பணத்தில் அவசரம் வேண்டாம். அனுப்புபவர் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் கலைத் திட்டத்துக்கு அதைத் தொட முடியாது. பத்துப் பேரிடம் திரட்டி ஒருவர் மொத்தமாக அனுப்பினால் யார் பணம் எது என்று பிரிக்கவும் வழியில்லை. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தனித்தனியாக, தாங்கு அமைப்பின் கணக்குக்கு அனுப்பட்டும். இன்னொன்று: எஃப்சிஆர்ஏ உள்ள அமைப்பு வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020 திருத்தம் தடை செய்துவிட்டது. 'எங்களுக்கு வந்ததில் உங்களுக்குக் கொஞ்சம் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அரசு வழி. இயல் இசை நாடக மன்றம் புதிய நாடகத் தயாரிப்புக்கும், நாட்டுப்புறக் கலைஞருக்கு இசைக்கருவி, ஆடை வாங்கவும் உதவுகிறது. உங்கள் உடை, கருவிச் செலவுக்கு அது சரி. ஒன்றிய கலாச்சார அமைச்சகத்தின் நிகழ்ச்சி, தயாரிப்பு நிதி பொதுவாக 5 லட்சம் வரை. ஆனால் அது பதிவு பெற்று மூன்று ஆண்டு ஆன அமைப்புக்கு, தர்பண் எண்ணும் (தொண்டு நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசுப் பதிவு எண்) வேண்டும். 'நமக்கு நாமே' திட்டம் ஊர்ச் சொத்துகளை உருவாக்கவும் சீர்செய்யவும்தான், கூத்துக்குக் கேட்காதீர்கள். தூய்மை பாரத இயக்கத்தில் விழிப்புணர்வுக்கென்றே ஒரு ஒதுக்கீடு உண்டு. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கேட்டால் ஒன்றிரண்டு இரவுக்குக் கிடைக்கலாம், ஆனால் வாசகத்தை அவர்கள் தருவார்கள்.

பெங்களூருவின் இந்தியக் கலை அறக்கட்டளை தனி ஆளுக்கே நிதி தருகிறது, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். அங்கே 'விழிப்புணர்வு நாடகம்' என்று போனால் எடுபடாது. கட்டியங்காரனின் பேச்சு ஊர்ப் பிரச்சினையை எப்படி ஏந்துகிறது என்பது போன்ற கலைக் கேள்வி ஒன்றை வாத்தியார் பெயரில் முன்வைத்தால் கவனிப்பார்கள். எல்லோருக்கும் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், விண்ணப்பத்தோடு நகல் வைத்தால் கேள்வி குறையும்.

மாதம்: தை, மாசி. பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு ஜமாக்கள் போய்விடும், ஐப்பசி கார்த்திகையில் மழை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. ஊராட்சிக்கு ஒரு ஊரிலாவது அதற்குச் சற்று முன், மாசிக் கடைசியில் ஆடி முடியுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும், கூத்துப் பேச்சு சூடாக இருக்கும்போது அந்தக் கூட்டம் சேரும். கோழிக்கடைக் கழிவுக்குக் குழி, வண்டி வரும் நேரம், நாப்கினைச் சுற்றிப் போடத் தனி வாளி, இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நகல் வாங்குங்கள். நிதி தந்தவருக்கு அதைவிட நல்ல அறிக்கை கிடையாது. ஏரிப் பாசனம் 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையிடம், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். அதைப் பார்த்து அந்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

பேரேடு:

பேனர் பற்றி. பொருளை விளம்பரப்படுத்தும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. நன்றி அறிவிப்பில் ஒருமுறை பெயர், அறிக்கையில் பெயர், அவ்வளவு போதும் என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் தணிக்கையாளரே அதைத்தான் சொல்வார்.

தவணையைக் கவனியுங்கள். பலர் 50-40-10 என்று பிரிப்பார்கள், கடைசி 10 பயன்பாட்டுச் சான்றிதழுக்கு (பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்ற சான்று) பிறகு. 4,57,552இல் அது 45,755. ஜமா அதைக் கையிலிருந்து போட முடியாது. ஆகவே ஆடும் கூலி முழுவதும் முதல் இரண்டு தவணைக்குள் வரும்படி மாதவாரி அட்டவணை போட்டு, தணிக்கை, அறிக்கை, மூன்றாம் அளவெடுப்பு, தாங்கு அமைப்பின் பங்கு ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கம்பெனிக் கணக்குப் பிரிவு ஜிஎஸ்டி பில் கேட்கும். நாட்டுப்புறக் கலை வடிவில் கலைஞர் செய்யும் நிகழ்ச்சிக்கு, ஒரு நிகழ்ச்சிக்கான கூலி 1,50,000 ரூபாயைத் தாண்டாதவரை வரிவிலக்கு உண்டு. பில்லில் 'தெருக்கூத்து' என்று தெளிவாக எழுதுங்கள். 'கலை நிகழ்ச்சி' என்று பொதுவாக எழுதினால் வம்பு.

அளவெடுப்புக்கு 12,000 போதும். கால்வாயில் 500 மீட்டருக்கு ஒரு கல் நட்டு, அதே இடத்தில் நின்று அதே திசையில் படம் எடுங்கள். குப்பைக் குவியலை எண்ணுங்கள். கூத்துக்கு முன், ஒரு வாரம் கழித்து, மூன்று மாதம் கழித்து, மூன்று முறை. மூன்றாம் முறை எண்ணிக்கை ஏறியிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

பின்பாட்டு:

ஒன்று விட்டுப்போச்சு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை, விடிய விடியக் கூத்து என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. 7 மணிக்கு முகவீணை (கூத்தின் ஊதுகுழல்) தொடங்கி 9.30க்கு மங்களம். அப்படியானால் 4 மணிக்கே அரிதாரத்துக்கு உட்கார வேண்டும், கட்டை (மர அணிகள்) கட்டவே நேரம் பிடிக்கும். வேன்காரரிடம் மதியம் 2 மணி என்று சொல்லி வையுங்கள்.