அஸ்டெக் வீடுகளில் மிளகாய்ப் புகைத் தண்டனை உண்மையா?

கேள்வி (திருகோணமலையிலிருந்து): பிடிவாதம் பிடித்தால் செத்தல் மிளகாயை அடுப்பில் போட்டுப் புகை காட்டுவேன் என்று அம்மம்மா வெருட்டுவார், பழைய மெக்சிக்கோவில் வாழ்ந்த அஸ்டெக் மக்களின் பெற்றோர் அதை உண்மையிலேயே செய்தார்களா?

பதில் 1: செய்தார்கள். 1540களின் தொடக்கத்தில் மெக்சிக்கோவில் வரையப்பட்ட, அஸ்டெக் வாழ்க்கையைக் காட்டும் மெண்டோசா ஓவியச்சுவடியில், 11 வயதுச் சிறுவனைத் தந்தை மிளகாய்ப் புகைக்கு மேல் பிடித்திருக்க, அவன் கண்களிலிருந்து நீர் சொட்டுகிறது. எட்டு வயதில் ஆனைக்கற்றாழை முள்ளைக் காட்டி மிரட்டுவதோடு சரி. ஒன்பதில் குத்தியே விடுகிறார்கள்.

பதில் 2: எனக்கு அதைவிட வியப்பளித்தது அதே சுவடியில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கும் சாப்பாட்டுக் கணக்குத்தான், அண்ணா. மூன்று வயதுக்கு அரைச் சோளரொட்டி, ஆறில் ஒன்றரை, 13இல் இரண்டு. அந்த வயதில் பெண்பிள்ளை சோளம் அரைக்கிறாள். மறு வருடம் பையன், நமது கொட்டியாரக் குடாப் பிள்ளைகளைப் போல, தோணியில் மீன் பிடிக்கிறான்.

கேட்டவர்: ஒன்றரை ரொட்டி நாள் முழுவதற்குமா?

பதில் 2: இல்லை, ஒரு வேளைக்கு.