ஐந்து மாதமாக அதே 60 கிலோ

கேள்வி:
உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. முதல் நாள் 20 கிலோ வெறும் கம்பிக்கே கை நடுங்கியது. ஆறே மாதத்தில் பெஞ்ச் பிரஸில், அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளுவதில், 60 கிலோவை எட்டு முறை தூக்கினேன். அத்தோடு சரி. ஐந்து மாதமாக அதே 60, அதே எட்டு. ஒன்பதாவது முறை கம்பி மார்பிலிருந்து ஒரு சாண் எழும்பி அங்கேயே நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் இரவே பையை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். நேற்றோ ஷூவை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டேன். பழைய ஆர்வம் எப்படித் திரும்பும்?

பதில் 1:
ஸ்குவாட்டில் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவதில்) நான் 80 கிலோவில் ஏழு மாதம் சிக்கிக் கிடந்தேன், அதனால் இந்தச் சலிப்பு நன்றாகவே தெரியும். தொடக்கத்தில் ஏறும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் அசைவைப் பழகிக்கொள்வதால் வருவது. அதனால்தான் அந்த வேகம். இனி தசை வளர்ந்தால்தான் தூக்கும் எடை கூடும். அது மெதுவாகவே நடக்கும். பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு மாட்டினாலும் மொத்தம் 2.5 கிலோ ஏறிவிடுகிறது. 60 கிலோ தூக்குபவருக்கு அது நான்கு சதவீதத்துக்கும் மேல், சின்னத் தாவல் இல்லை. எனவே எடையைத் தொடாதீர்கள், எண்ணிக்கையை ஏற்றுங்கள். நடுவில் ஓய்வு விட்டு மூன்று சுற்று செய்து, மூன்றிலும் பத்து பத்து முறை வந்த பிறகு தட்டை மாட்டுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு சுற்றையும் எழுதுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான். ஆமாம், எட்டு என்கிறீர்களே, அது எந்தச் சுற்றில்? மூன்றாவதில் எத்தனை?

பதில் 2:
இடையில் ஒரு வாரமாவது பாரத்தைக் குறைத்தீர்களா? பலம் போய்விடும் என்று பயந்து நான் ஒரு வருடம் குறைக்கவே இல்லை. தோள் வலிதான் மிச்சம். ஒரு வாரம் பாதி எடையில் செய்யுங்கள். தூக்கத்தையும் பாருங்கள்.

பதில் 3:
ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்பேன். போவது, பத்து நிமிடம் உடலைச் சூடாக்குவது, பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவது. இதுதான் என் ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் இரண்டு முறைதான் திரும்பியிருக்கிறேன்.

கேட்டவர்:
இன்று போனேன். முதல் சுற்றைத் தவிர எதையும் இதுவரை எண்ணியதில்லை என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எட்டு, ஆறு, நான்கு. மூன்றாவது சுற்றை ஐந்தாக்குவதுதான் இந்த வார வேலை. பாரம் குறைக்கும் வாரம் அதற்கு அடுத்து.