மறு: டோன் மேப்பிங்குக்குத் தமிழ்ச் சொல், ‘ஒளிநிரவல்’ சரிவருமா?

> டோன் மேப்பிங் = தொனி வரைபடமாக்கல். நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவும்.

மறுப்பு இருக்கிறது. படத்தின் வெளிச்சத்தை டிவியால் காட்ட முடிகிற அளவுக்குள் கொண்டுவருவதுதான் டோன் மேப்பிங். ஞாயிறு வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, ஏனென்றால் இதற்கு ஒரு நல்ல சொல் இல்லாமல் போன வாரம் ஒரு ராத்திரி முழுக்கத் தவித்தேன்.

அப்பா வீட்டுக்குப் புதிதாக 55 அங்குல 4கே டிவி வந்தது. கூடவே ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி. (ஓடைப்பெட்டி என்று இதே குழுவில்தான் ஒருமுறை வைத்தோம், வைத்த நாமே சொல்வதில்லை.) பெட்டியை மாட்டியதும் முகப்புத் திரையில் இருந்த வெள்ளை எழுத்தெல்லாம் அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் தெரிந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை ஒரு துடை துடைத்துவிட்டு, “எச்.டி.ஆர்.னு கூடக் காசு வாங்கினானே, இதுக்கா?” என்றார். (எச்.டி.ஆர். என்றால் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே கூடுதல் வீச்சு காட்டும் பட முறை.) கேபிளை மாற்றினேன். மின்சேமிப்பையும் அறை வெளிச்சத்துக்கேற்பத் தானே மங்கும் வசதியையும் அணைத்தேன். டிவியில் அந்த எச்.டி.எம்.ஐ. துளைக்கு மட்டும் தனியாக ஒரு அமைப்பு இருக்கும், அது பழைய முறையிலேயே கிடந்தால் 4கே எச்.டி.ஆர். ஒழுங்காக வராது, அதையும் மாற்றினேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எண்பதுகளின் கறைபடிந்த பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, டிவியோ மூலையில் எச்.டி.ஆர். என்று காட்டுகிறது. பெட்டி எதை எடுத்தாலும் எச்.டி.ஆர். ஆக்கித்தான் அனுப்புகிறது!

அதனால் ஏன் மங்க வேண்டும் என்று அப்பா கேட்டார். பழைய முறையில் (எஸ்.டி.ஆர்.) சிக்னல் “இது முழு வெள்ளை” என்று மட்டும்தான் சொல்லும். ஸ்டுடியோவில் 100 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) வைத்துத் தயாரித்தாலும் நாம் வீட்டில் பேக்லைட்டை ஏற்றி 300 நிட்டில் பார்ப்போம், யாரும் கேட்கமாட்டார்கள். எச்.டி.ஆரின் ஒரு வகையான எச்.டி.ஆர்.10 அப்படி இல்லை. 2014-இல் எஸ்.எம்.பி.டி.இ. என்ற திரைத்துறைப் பொறியாளர் சங்கம் வகுத்த வளைவுப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை நிட் என்று கணக்கு உண்டு, 10,000 வரை போகும். முகப்புத் திரை வெள்ளையைப் பெட்டி 200 நிட் என்று எழுதி அனுப்பினால் டிவியும் அதை 200 ஆகத்தான் காட்டப் பார்க்கும். 300-இல் பழகிய கண்ணுக்கு அது அழுக்கு வெள்ளை. இதற்கு மேல், “4,000 நிட் வரை வரும்” என்று சிக்னலோடு ஒரு குறிப்பும் போனால், சில டிவிகள் வராத அந்த வெளிச்சத்துக்கும் மேலே இடம் ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் இன்னும் கீழே இறக்கும்.

இந்த இறக்குதல்தான் டோன் மேப்பிங். படம் 1,000 நிட்டில் தயாரானது, அப்பா டிவியின் உச்சமோ 300-ஐத் தாண்டாது. படியில் அளந்ததை உழக்கில் கொட்டுகிற கதை. ஒன்று மேலே வழிவதை விட்டுவிட வேண்டும், அப்போது சூரியன் வெறும் வெள்ளைத் தட்டாகிவிடும். இல்லையென்றால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் அமுக்கி உள்ளே கொண்டுவர வேண்டும். இதை ‘தொனி வரைபடமாக்கல்’ என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால் எந்த ஊர் வரைபடம் என்று கேட்டிருப்பார். தொனி நமக்குக் குரலில் இருக்கிறது, பேச்சில் இருக்கிறது, வெளிச்சத்தில் இல்லை.

‘ஒளிப்படி’ என்று முதலில் நினைத்தேன், அது ஜெராக்ஸுக்குப் போய்விட்டது. ‘ஒளியடக்கம்’ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடக்கம் என்றதும் மாலை வாங்கத் தோன்றுகிறது. கடைசியில் நின்றது ஒளிநிரவல். மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிரவுகிறோமே, அந்த நிரவல். எச்.டி.ஆர்.க்கும் ‘உயர் இயங்கு வீச்சு’ வேண்டாம். ‘விரியொளி’ போதும், எஸ்.டி.ஆர். ‘இயல்பொளி’.

அன்புடன்.

---

> கடைசியில் நின்றது ஒளிநிரவல்.

தம்பி, விரியொளிக்கு என் முழு ஓட்டு. நிரவலில்தான் இடிக்கிறது. நிரவினால் மேடு பள்ளம் இருக்காது. எச்.டி.ஆரின் அழகே அந்த மேடு பள்ளம்தானே, இருட்டில் ஒரு அகல்விளக்கு சுடர்விடுவதுதானே! நல்ல டோன் மேப்பிங் அந்தச் சுடரைக் காப்பாற்றும். உங்கள் சொல்லோ நடக்கக்கூடாததையே அதன் வேலையாகச் சொல்கிறது. ‘ஒளியிசைவு’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. மங்கல் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டாதீர்கள். என் வீட்டிலும் சாயம் போன படம்தான் வந்தது, ஆனால் வெளிச்சம் சரியாகவே இருந்தது. பெட்டி பி.டி.2020 என்ற அகன்ற நிறவெளியில் (எந்தெந்த நிறம்வரை காட்டலாம் என்ற எல்லை) அனுப்ப, டிவி அதைப் பழைய பி.டி.709 என்று எடுத்துக்கொண்டது. முகமெல்லாம் சோகை பிடித்த மாதிரி. டிவியில் நிறவெளியைத் ‘தானியங்கி’ ஆக்கியதும் தீர்ந்தது. அதேபோல் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கறுப்பு முதல் வெள்ளை வரையான எண்களில் 16–235, 0–255 குழப்பமா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் ‘மங்கல்’ என்ற ஒரே வார்த்தையில் சொல்வதால்தான் ஆட்கள் கேபிள் கடைக்கு ஓடுகிறார்கள்.

---

> உங்கள் சொல்லோ நடக்கக்கூடாததையே அதன் வேலையாகச் சொல்கிறது.

ஐயா, சாயம் போவதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, பட்டியலில் ‘மங்கல்’, ‘வெளிறல்’, ‘சாம்பல் பூத்தல்’ என்று மூன்றாகவே பிரித்துவிடலாம். மூன்றாவது சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நிரவலை மட்டும் விட மனமில்லை. ஆசிரியர்களுக்குப் ‘பணி நிரவல்’ என்கிறார்களே, அதில் யாரும் எல்லாப் பள்ளியையும் ஒரே அளவாக்குவதில்லை, கூடுதலாக இருக்கும் இடத்திலிருந்து எடுத்துப் பொருந்தும் இடத்தில் வைக்கிறார்கள். கச்சேரியில் நிரவல் என்றால் அதே வரியை எடுத்துத் தாளத்துக்குள்ளேயே வேறு வேறாகப் பரப்புவது. சாகித்யம் மாறாது. டிவி செய்வதும் அதுதான், படம் அதே படம், தன் 300 நிட்டுக்குள் பரப்பிக் காட்டுகிறது. ‘இசைவு’ காதுக்கு இனிமைதான், ஆனால் வினைச்சொல்லாக்கிப் பாருங்கள். “டிவி அதிகமாக நிரவுகிறது, கொஞ்சம் குறை” என்று சொல்ல முடிகிறது. “டிவி அதிகமாக இசைகிறது” என்றால் சவுண்டைக் குறைப்பார்கள்.

நேற்று இதைச் சோதித்தும் பார்த்தேன். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “பெட்டியின் பட அமைப்பில் போய் எப்போதும் விரியொளி என்பதை எடுத்துவிட்டு இயல்பொளி வையுங்கள், கீழே படத்துக்கேற்ப மாற்று என்பதை மட்டும் போடுங்கள்.” பெட்டியில் அது ‘மேட்ச் டைனமிக் ரேஞ்ச்’ என்று ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதை எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து நிமிடம் ஆனது. மாற்றியதும் முகப்பு பளிச்சென்று வந்துவிட்டது. விரியொளிப் படம் தொடங்கும்போது மட்டும் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறதாம், டிவி முறை மாறுகிறது, பயப்பட வேண்டாம் என்றேன்.

இந்த வசதி எல்லாப் பெட்டியிலும் முதலிலேயே இருந்ததும் இல்லை. 2017-இல் ஆப்பிள் டிவி 4கே வந்தபோதும் எல்லாவற்றையும் ஒரே முறையில் அனுப்புவது பற்றிப் பேச்சு எழுந்து, அந்த டிசம்பரில் அதன் மென்பொருளான டிவிஓஎஸ் 11.2-இல்தான் படத்துக்கேற்ப மாறும் வசதி சேர்ந்தது.

ஆக என் பக்கம் ஒளிநிரவல், விரியொளி, இயல்பொளி. நிட் நிட்டாகவே இருக்கட்டும். மெட்டாடேட்டாவுக்கு (சிக்னலோடு போகும் அந்தக் குறிப்புக்கு) சொல் தேடுவதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே இழுத்தால் ஞாயிற்றுக்கிழமை என்ன, பொங்கலே வந்துவிடும்.