எக்ஸ்பிரஸ் என்ட்ரியில "தகுதி இல்லை" எண்டு வருது, அவசர உதவி

உவர்மலை_பெடியன்: கனடாவில நிரந்தரமாக் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி (தொழில் தகைமை உள்ள ஆக்களை எடுக்கிற ஒன்லைன் முறை) புரொஃபைல் போட்டன். ஒரு திட்டத்துக்கும் தகுதி இல்லையாம். ஐஈஎல்ரிஎஸ் (ஆங்கிலச் சோதனை) 6.5, டிகிரி இருக்கு, அண்ணா ஸ்கார்பரோவில சிற்றிசன். எங்க பிழை? டவுனில ஒரு ஏஜென்சி திருத்தித் தாறம் எண்டு காசு கேக்குது.

நிலாவெளி_காத்து: வயசு? கலியாணம்? ஐஈஎல்ரிஎஸ் ஜெனரலோ அக்கடமிக்கோ? அக்கடமிக் எண்டால் எடுக்க மாட்டாங்கள். 6.5 ஓவரோல் தேவையில்லை, நாலையும் தனித்தனியாப் போடும். ஒண்டு 6க்குக் கீழ போனாலும் வெளிநாட்டு அனுபவத்தோட வாற ஸ்கில்ட் வேர்க்கர் திட்டம் சரி வராது.

மடத்தடி_சந்தி: காசுதான் பிரச்சினையா இருக்கும். குடியேறுற செலவுக்குக் குறைச்சுக் காட்டியிருப்பீர். கைமாத்து வாங்கின காசும் கணக்கில்லை.

டச்பே_வாசி: கனடாவ விடும். அவுஸ்திரேலியா 491 (நகர்ப்புறத்துக்கு வெளிய வேலை செய்யிற ஆக்களுக்கான விசா) பாரும், மாநில நொமினேசனுக்கே 15 புள்ளி. இல்லாட்டி விசிட்டில கனடா போய் உள்ளுக்க நிண்டு வேர்க் பெர்மிற் போடலாம்.

பழைய_கச்சேரி: விசிட்டில போய் உள்ளுக்க மாத்துற சலுகை 2024 ஓகஸ்ட் 28 ஓட முடிஞ்சுது. தெரியாட்டிச் சும்மா இருக்கலாம். தம்பி, விபரம் போடாமக் கேட்டால் சாத்திரமோ பாத்துச் சொல்லுறது?

உவர்மலை_பெடியன்: சொறி. 31, தனி ஆள். ஜெனரல்தான். லிஸினிங் 7.5, ரீடிங் 6.5, றைற்றிங் 6, ஸ்பீக்கிங் 6.5. ஈ.சி.ஏ (டிகிரிக்குக் கனடாவில என்ன தரம் எண்ட மதிப்பீடு) பச்சிலர்ஸ் எண்டு வந்திட்டு. ஐ.ரி வேலை 3 வருசம் 2 மாசம். காசு காணும். உறவு கேக்கிற இடத்தில கஸின் எண்டு இல்லை, அதால ஒண்டும் போடாம விட்டிட்டன். ஏஜென்சி சகோதரன் எண்டு போடச் சொல்லுது.

பழைய_கச்சேரி: கஸினோ? அண்ணா எண்டீர்.

உவர்மலை_பெடியன்: பெரியம்மான்ட மகன். அண்ணாதானே.

பழைய_கச்சேரி: எங்கட வாயில அண்ணா. கனடாச் சட்டத்தில ஒண்டுமில்லை. கூட்டிப் பாரும்: வயசு 12, மொழி 5+5+4+5=19, படிப்பு 21, அனுபவம் 11. மொத்தம் 63. ஸ்கில்ட் வேர்க்கர் திட்டத்துக்கு வேண்டியது 67. அதுதான் தள்ளுது. சகோதரன் எண்டு பொய் எழுதிப் பிடிபட்டால் 5 வருசத்துக்கு விண்ணப்பிக்கேலாது. கையெழுத்து உம்முடையது.

நிலாவெளி_காத்து: அப்ப பெரியம்மா எங்க? கஸின் சரிவராது, ஆனா பெற்றாரின்ட சகோதரம் 67 கணக்கில வரும். அங்க வசிக்கிற சிற்றிசன் அல்லது பி.ஆர் (நிரந்தர வதிவிடம் உள்ளவர்) ஆக இருக்க வேணும்.

உவர்மலை_பெடியன்: அவவும் அங்கதான், பி.ஆர்!!

நிலாவெளி_காத்து: 5 புள்ளி, 68. ஆதாரத்துக்கு மூண்டு பிறப்புச் சான்றிதழ்: உம்முடையது, அம்மாவின்ட, பெரியம்மாவின்ட. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தாய் தகப்பன் பேர் தெரிய வேணும். பழைய பதிவுகளில தாத்தான்ட பேர் ஒண்டில கந்தையா, மற்றதில கந்தையாப்பிள்ளை எண்டு கிடக்கும், அதை இப்பவே பாரும். பி.ஆர் கார்ட் கொப்பி, அங்க இருக்கிறதுக்கு ஒரு பில்லும் எடும்.

மடத்தடி_சந்தி: மூண்டுக்கும் வெளிநாட்டமைச்சு சீல் குத்த வேணும்.

பழைய_கச்சேரி: தேவையில்லை. தமிழ்ப் பிரதிக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட ஆங்கிலம், அவ்வளவுதான்.

மடத்தடி_சந்தி: சீல் இருந்தால் என்ன குறைஞ்சு போகும்?

பழைய_கச்சேரி: காசும் நாளும். சீல் கேக்கிறது வேற நாடுகள், எல்லாத்தையும் ஒரு சட்டியில போட்டுக் கிண்டாதேங்கோ.

டச்பே_வாசி: மொழிபெயர்ப்பை வீட்டில ஆரும் செய்தால்?

நிலாவெளி_காத்து: குடும்பத்தில ஆரும் செய்யேலாது, சட்டத்தரணியா இருந்தாலும். தம்பி, 67 வாசல் மட்டும்தான். உள்ள போனால் சி.ஆர்.எஸ் (ஆக்களை வரிசைப்படுத்துற புள்ளி) வேற கணக்கு: உமக்கு வயசு 99, படிப்பு 120, மொழி 86, மொழியோட படிப்பு 13, மொழியோட அனுபவம் 25. ஆக 343. அங்க பெரியம்மாவுக்குப் புள்ளி இல்லை, கூடப் பிறந்த சகோதரத்துக்குத்தான் 15. லிஸினிங் 8, மற்ற மூண்டும் 7 எடுத்தால் 418. அந்தப் பெறுபேறு 67 கணக்கிலயும் 24 தரும், உறவே தேவைப்படாது. சோதனைக்குத் திரும்பக் கட்டும். 32 ஆக முதல் கட்டும், பிறந்தநாளோட 5 குறையும்.

உவர்மலை_பெடியன்: பெரியம்மாவப் போட்டன், புரொஃபைலை எடுத்திட்டு. அம்மாவின்ட சான்றிதழில தாத்தான்ட பேர் வேற மாதிரித்தான் கிடக்கு. நாளைக்குப் பிரதேச செயலகம் போறன்.

டச்பே_வாசி: 491 ஐயும் ஒருக்காப் பாரும்.