நியூரம்பெர்க்: நிஜமாவே பழைய ஊரா, இல்ல பழசு மாதிரி கட்டின ஊரா?

ஊர்சுத்தி88:
வணக்கம் மக்களே. ஆபீஸ் வேலையா ஆறு மாசம் மியூனிக்ல இருக்கேன், போன சனிக்கிழமை நியூரம்பெர்க் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன். கோட்டை, மதில், மரச்சட்டம் வச்ச வீடுங்க எல்லாம் செம்மையா இருந்துச்சு, போட்டோவா எடுத்துத் தள்ளிட்டேன். ராத்திரி ரூமுக்கு வந்து சும்மா நெட்ல படிச்சா, 1945 ஜனவரி 2 குண்டுவீச்சுல பழைய ஊர்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் காலியாம், நான் பாத்ததுல பாதிக்கு மேல அப்புறம் கட்டினதாம். தங்கம்னு நெனச்சது கவரிங்னு தெரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அடுத்த மாசம் அப்பா அம்மா வர்றாங்க. அப்பா ரிட்டையர்டு ஹிஸ்டரி வாத்தியார், அம்மா சுத்த சைவம், முட்டி வலி வேற. இங்கயே கூட்டிட்டு வரவா, இல்ல இன்னொரு பழைய ஊரான ரோத்தன்பர்க் போயிடவா?

குளிர்தாங்கி:
ரோத்தன்பர்க்கும் 1945 மார்ச் 31ல குண்டு வாங்கின ஊர்தான் தல 😄 கிழக்குப் பக்கம் நிறைய திருப்பிக் கட்டினது. இந்தக் கணக்குல பாத்தா ஜெர்மனில பாதி ஊருக்குப் போகவே முடியாது.

பழங்கல்:
கவரிங் இல்லீங்க, உடைஞ்ச நகைய உருக்கித் திரும்ப செஞ்சது. எனக்கும் மொதல்ல உங்கள மாதிரிதான் சப்புன்னு போச்சு, ஆனா செபால்டுஸ் சர்ச்சுக்குள்ள போனப்போ கூரையே இல்லாம இடிஞ்சு கெடக்கற போட்டோவ அங்கயே வச்சிருந்தாங்க, அதப் பாத்துட்டு நிமிந்து மேல பாத்தேன், அப்புறம் வெளிய வந்து செவுத்துல எந்தக் கல்லு கருப்பு எந்தக் கல்லு வெளுப்புன்னு தேடிக்கிட்டே அரை மணி நேரம் நின்னேன். லோரன்ஸ் சர்ச்ல மேல தொங்குதே ஃபைட் ஷ்டோஸ் செதுக்கின பெரிய மரச்சிற்பம், அது 500 வருஷத்து ஒரிஜினல். போர் சமயத்துல கோட்டைப் பாறைக்கு அடில பழைய பீர் பாதாள அறைங்கள்ல ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினாங்க, அங்க டூர் இருக்கு.

மார்க்கெட்ல மத்தியானம் 12 மணிக்கு ஃப்ராவன்கிர்ஷ சர்ச் கடிகாரத்துல பொம்மைங்க சுத்தறத எல்லாரும் அண்ணாந்து வீடியோ எடுப்பாங்க. முடிஞ்சதும் உள்ள போய் தரைய பாருங்க, ஒரு தாவீது நட்சத்திரம் இருக்கும். 1349ல யூதர்கள கொன்னு, அவங்க ஜெபக்கூடத்த இடிச்ச எடத்துலதான் அந்த சர்ச்சே நிக்குது. இது 1945க்கு ரொம்ப முன்னாடி நடந்த கத.

அப்பாவுக்கு ரூம் நம்பர் 600 கட்டாயம் காட்டுங்க. 1945 நவம்பர்லேந்து நாஜித் தலைவர்கள் 21 பேர வரிசையா உக்கார வச்சு விசாரிச்ச கோர்ட் ரூம். நெனச்சத விட சின்னது, அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நூர்ன்பேர்க்_அக்கா:
தம்பி, நான் இஞ்ச கன காலமா இருக்கிறன். அம்மாவைக் கோட்டைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, ஏத்தம், அதோட உருண்டைக் கல்லு ரோட்டு, முழங்கால் சரிவராது. பழைய ஓவியர் டூரர்ர வீட்டடியில ஒரு பெஞ்சில இருத்திப்போட்டு நீங்களும் அப்பாவும் மட்டும் ஏறுங்கோ. மேல ஆழக் கிணறு ஒண்டு இருக்கு, ஏறக்குறைய 50 மீட்டர், வழிகாட்டி ஒரு குவளை தண்ணி ஊத்தினா சத்தம் வாறதுக்குள்ள எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்.

சாப்பாடு எண்டா, பாணுக்குள்ள மூண்டு சின்ன சொசேஜ் வச்சு விப்பினம், அது பண்டி இறைச்சி, அம்மாவுக்கு வேண்டாம். ஷ்பெட்ஸ்லே எண்ட சீஸ் நூடுல்ஸ் கேளுங்கோ, ஆனா பன்றித் துண்டு போடாமத் தரச் சொல்லுங்கோ. லேப்குக்கன் எண்ட மசாலா பிஸ்கட்டில முட்டை கிடக்கும். ஞாயிறு கடையள் பூட்டு.

மெட்ரோ யூ3 ஐ மறக்காதேங்கோ, டிரைவர் இல்லாமலே ஓடுது. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில சின்னப் பிள்ளையள் இடம் பிடிக்க முதல் நீங்கள் போய் இருக்கோணும்.

ஊர்சுத்தி88:
அக்கா, பழங்கல், ரொம்ப நன்றி. நேத்து அப்பாகிட்ட போன்ல ரூம் 600 பத்தி சொன்னேன், அவர் உடனே "நாலு மொழில ஹெட்போன் மாட்டிக்கிட்டு விசாரிச்சாங்களே, அதுதானே"ன்னு ஆரம்பிச்சு 40 நிமிஷம் வைக்கவே இல்ல. அம்மா போன வாங்கி கேட்ட ஒரே கேள்வி, அந்த பெஞ்சுல நெழல் இருக்குமா?

நூர்ன்பேர்க்_அக்கா:
பின்னேரம் எண்டா இருக்கும். குடையும் கொண்டு வரச் சொல்லுங்கோ.