கோ-டோபா பேரரசர் வம்சாவளிப் படம்: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, ஜப்பானின் கோ-டோபா பேரரசர் (1180–1239) குடும்பத்தை ஒரே பக்கத்தில் வம்சாவளியாக வரைந்துகொண்டிருக்கிறேன்.

அப்போது பேரரசராக இருந்த அண்ணன் அன்டோகுவை டைரா என்ற போர்வீரர் குலத்தார் தூக்கிக்கொண்டு ஓடியதால், 1183இல் மூன்று வயதில் அரியணை ஏறியவர் இவர். 1198இல் விலகியும் பிடியை விடவில்லை. மகன்கள் சுச்சிமிகாடோ, ஜுன்டோகு, பேரன் சூக்கியோ என்று வரிசையாக வந்தார்கள். அதிகாரம் இவர் கையில். 1221இல் காமகுரா ஆட்சியை (காமகுரா நகரிலிருந்த போர்வீரர் அரசை) எதிர்த்துத் தோற்றதும் இவர் ஓகி தீவுக்கு, ஜுன்டோகு சாடோ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். சண்டையில் சேராத சுச்சிமிகாடோ தானாகவே டோசா மாகாணத்துக்குப் போனார் (எனக்கு ரொம்பப் பிடித்தவர் இவர்தான்).

சிக்கல் அப்புறம்தான். அடுத்து வந்த கோ-ஹோரிகாவா, கோ-டோபாவின் இன்னொரு அண்ணன் மொரிசடாவின் மகன். மொரிசடா ஒருநாளும் அரியணையில் உட்காரவில்லை. ஆனாலும் 'ஓய்வுபெற்ற பேரரசர்' பட்டம் கிடைத்தது! பேரரசர்களைச் சிவப்புக் கட்டத்திலும் மற்றவர்களை வெள்ளையிலும் போடுகிறேன். இவரை எதில் போடுவது?

1242இல் சுச்சிமிகாடோவின் மகன் கோ-சாகாவால் அரியணை மறுபடி கோ-டோபாவின் கிளைக்கே வருகிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வரைய நல்ல இலவச மென்பொருள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.