வலைப்பூ வளர்த்து விற்ற அனுபவம்: கொழும்பில் இருந்து செய்தவர்கள் எழுதுங்கள்

தையல்கடை மகள், வெள்ளவத்தை

2022 தொடக்கத்தில் நான் ஒரு வலைப்பூவை விற்றேன். ஆங்கிலத்தில் எழுதியது, பழைய தையல் மெஷின்களைத் திருத்துவது பற்றியது. அதற்குப் பிறகு தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எழுதி வைத்ததை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்குவார்கள். ஆனால் எழுத்தின் அழகுக்காக இல்லை. மாதாமாதம் வரும் வருமானத்துக்கும், எழுதியவர் கையை எடுத்த பிறகும் அது வரும் என்ற நம்பிக்கைக்கும் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். எங்கள் பேரம் முழுக்க அதைச் சுற்றித்தான் நடந்தது.

அம்மா, காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் தையல் கடை வைத்திருந்தார். கறுப்பு சிங்கர் மெஷினைக் கழற்றிப் பூட்டுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த மெஷினில் இருக்கும் தொடர் இலக்கத்தை வைத்து அது எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். பெல்ட் என்ன அளவு, ஊசி எந்த இலக்கம், கீழ்நூல் ஏன் சிக்குகிறது என்று பாட்டியின் மெஷினை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளம். அம்மா செய்து காட்ட நான் படம் பிடித்தேன், வேலை முடிந்து வந்து இரவில் எழுதினேன். விளம்பரத்தில் கொஞ்சம், எங்கள் இணைப்பு வழியாகப் போய் வாசகர்கள் பொருள் வாங்கினால் கிடைக்கும் அமேசான் கமிஷனில் கொஞ்சம் என்று வருமானம் வந்தது.

2020 ஏப்ரலில் அமேசான் பல பிரிவுகளில் கமிஷனைக் குறைத்தது. அதே நேரத்தில் உலகம் முழுக்க வீட்டில் முகக்கவசம் தைக்கத் தொடங்கினார்கள், பரணில் கிடந்த மெஷின்கள் எல்லாம் இறங்கின. தளத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. நல்ல காலம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விற்பனைக்கு வந்தபோது, வாங்க வந்த கனடாக்காரர் அந்த மாதங்களை அப்படியே ஒதுக்கி வைத்தார். கடைசி 12 மாத நிகர லாபத்தின் சராசரிதான் அவருக்குக் கணக்கு. இப்படியான தளங்களுக்கு அந்தக் காலத்தில் மாத லாபத்தின் 20 முதல் 40 மடங்கு வரை விலை பேசுவார்கள். மாதம் 300 டொலர் நிற்கிறது என்றால் 6,000க்கும் 12,000க்கும் இடையில். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அதை முடிவு செய்வது வருமானம் மட்டும் இல்லை.

ஃபிளிப்பாவில்தான் விளம்பரம் போட்டேன், வலைத்தளங்களை வாங்கி விற்க மெல்பேர்னில் தொடங்கிய இணையச் சந்தை அது. அந்தக் கனடாக்காரர் காணொளி அழைப்பில் கேட்ட முதல் கேள்வியே, "எல்லாப் படத்திலும் உங்கள் அம்மாவின் கைதான் இருக்கிறது. நாளைக்கு நான் வாங்கிய பிறகு யார் கை?" என்பதுதான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹட்டனில் இருக்கும் ஒரு தங்கச்சிக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசி எழுதக் கொடுத்திருந்தேன். மெஷின் நிறுவனங்களின் பழைய கையேடுகளை எங்கே தேடுவது, எந்தப் பகுதியை எந்தக் கோணத்தில் படம் எடுப்பது, வாசகர் கேள்விக்கு எப்படிப் பதில் போடுவது எல்லாம் எழுதி வைத்த ஒரு கோப்பு இருந்தது. அவள் எழுதிய கட்டுரைகளுக்கும் என் கட்டுரைகளுக்கும் வந்த வாசகர் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவர் சொன்ன விலை ஏறியது. அந்தத் தங்கச்சி விற்பனைக்குப் பிறகும் அவருக்கு டொலரில் எழுதினாள் என்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

ஒப்பந்தத்தில் நான் ஒரு வரி கேட்டு வாங்கினேன்: அம்மாவின் படங்கள் இருக்கும்வரை அந்தத் தளத்தில் சூதாட்ட விளம்பரமோ கடன் விளம்பரமோ வரக் கூடாது. சிலர் இதெல்லாம் தேவையா என்றார்கள். எனக்குத் தேவைதான். பெயர் பெற்ற டொமைன்களை, அதாவது தள முகவரிகளை, வாங்கி சூதாட்டத் தளமாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், வாசகர்கள் நம்பி வந்த இடம் அது.

கைமாற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைமாற்றம் முடியும்வரை காசை நடுவில் வைத்திருக்கும் எஸ்குரோ டொட் கொம்மில் அவர் முதலில் கட்டினார், கட்டியது உறுதியான பிறகுதான் நான் எதையும் கொடுத்தேன். டொமைனை வேறு பதிவாளருக்கு, அதாவது டொமைன் பதிந்து தரும் வேறு நிறுவனத்துக்கு, மாற்றினால் மறுபடி மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழும், அதனால் அவரையே என் பதிவாளரிடம் கணக்குத் திறக்கச் சொல்லி, என் கணக்கில் இருந்து அவர் கணக்குக்கு உள்ளுக்குள்ளேயே மாற்றிவிட்டேன். தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் கோப்புகள், வருகையைக் கணக்கிடும் கூகிள் அனலிட்டிக்ஸ், கூகிள் தேடலில் இருந்து வரும் சொடுக்குகளைக் காட்டும் சேர்ச் கொன்சோல் எல்லாம் உரிமை மாற்றிக் கொடுக்கலாம். கூகிளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸ் கணக்கையும் அமேசான் கணக்கையும் கொடுக்க முடியாது, வாங்கியவர் தன் கணக்கின் குறியீட்டை மாற்றிப் போட வேண்டும். அவர் சோதித்துப் பார்த்துச் சரி என்ற பிறகு காசு விடுவிக்கப்பட்டு என் வங்கிக்கு வந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர்த்தியிருந்த நேரம் அது. 200 ரூபா சொச்சத்தில் இருந்த டொலர் மாதக் கடைசியில் 300ஐத் தொட்டது. வங்கியில் இது என்ன காசு என்று கேட்டார்கள். விற்பனை ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதியைக் காட்டியதும் வேலை முடிந்தது.

கொட்டாஞ்சேனைவாசி

அக்கா, உங்களுடையது டொலர் கதை, என்னுடையது முழுக்க ரூபா. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்காகச் சாதாரண தரம், உயர் தரம் கடந்தகால வினாத்தாள்களையும், அவற்றுக்கு நானே எழுதிய விளக்கங்களையும் கூகிளின் இலவச வலைப்பூச் சேவையான புளொக்கரில் போட்டு வந்தேன். 2018இல் அட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதில் வருமானம் என்று ஒன்று வந்தது. வாசகர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள், ஆனால் ஒரு சொடுக்குக்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஆங்கிலத் தளங்களோடு ஒப்பிடவே முடியாது.

விற்கும்போது இரண்டு சிக்கல் எழுந்தது. முதலாவது, வினாத்தாள் என்னுடைய சொத்து இல்லை. வாங்க வந்தவரின் சட்டத்தரணி அதைத்தான் முதலில் கேட்டார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எது உங்கள் எழுத்து, எது வேறொருவருடையது என்று பிரித்துத் தரச் சொன்னார். ஸ்கேன் செய்து போட்ட தாள்களுக்கு விலையே போடவில்லை. என் கையால் எழுதிய கணக்கு விளக்கங்களுக்கும் விஞ்ஞானப் படங்களுக்கும்தான் விலை. மற்றவர்களின் கோப்பைப் பதிவேற்றி வாசகர் சேர்க்கிற தம்பிமாருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, பரீட்சைத் திகதி. 2020 சாதாரண தரம் 2021 மார்ச்சில் நடந்தது. 2021 உயர் தரம் 2022 பெப்ரவரியில், 2022 உயர் தரம் 2023 ஜனவரியில். சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டால் தளம் விழுந்துவிட்டது போலத் தெரியும். அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தைய வாரங்களை மட்டும் எடுத்து ஒரு அட்டவணை செய்து கொடுத்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

வாங்கியவர் ஒரு டியூஷன் ஆசிரியர். அவருக்கு விளம்பரக் காசு முக்கியமில்லை, மாணவர்கள்தான் வேண்டும். தளத்தோடு சேர்ந்த பேஸ்புக் பக்கத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்தார். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் ஒப்பந்தம் எழுதி, இரண்டு தவணையில் காசு வாங்கினேன். புளொக்கரில் மாற்றுவது எளிது: புதியவரை நிர்வாகியாகச் சேர்த்து, நாம் விலகிக்கொள்வதுதான். இரண்டாம் தவணை வந்த பிறகுதான் நான் விலகினேன். விளக்கங்களை இலவசமாகவே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன், அவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தார். மலையகத்தில் இருந்தும் வன்னியில் இருந்தும் எனக்கு வந்த பிள்ளைகளின் கடிதங்கள் அப்படி.

வாங்கியவன், பம்பலப்பிட்டி

நான் மறுபக்கம். விற்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்கிரீன்ஷொட்டை நான் பார்ப்பதே இல்லை. சூமில் திரையைப் பகிர்ந்து, என் கண் முன்னால் பக்கத்தைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும். அனலிட்டிக்ஸில் பார்வையாளர் அனுமதியும் கேட்பேன். ஒரு தளத்தில் நாளுக்கு ஆயிரக்கணக்கில் வருகை என்று விற்பனையாளர் காட்டினார். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாரும் ஒரே நாட்டில் இருந்து வந்து சில விநாடியில் போயிருக்கிறார்கள், சேர்ச் கொன்சோலில் சொடுக்கு என்று சொல்ல எதுவுமே இல்லை. அதே டொமைனை, தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ் டொட் ஓர்க்கின் வேபேக் மெஷினில் தேடினால் முன்பு அது கசினோ தளம். அன்றே எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஒரு அம்மாவின் சமையல் தளத்தை வாங்கினேன். அட்சென்ஸ் என் பெயரில் புதிதாக அனுமதி கிடைக்கும்வரை வருமானம் பூச்சியம் என்று இருவருக்கும் தெரியும், அதை விலையில் கழித்தே பேசினோம். அவர் ஒவ்வொரு மாதமும் ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) செலவு, படச் செலவு, வந்த காசு மூன்றையும் வங்கிக் கூற்றோடு ஒட்டி வைத்திருந்தார். அந்தக் கோப்பைப் பார்த்த பிறகு நான் பேரம் பேசவில்லை.

ரயில் பைத்தியம், தெஹிவளை

இலங்கை ரயில் பயணம் பற்றி ஆங்கிலத்தில் எழுதினேன். 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்த நாடு, 2021இல் இரண்டு இலட்சம்கூட இல்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, பெற்றோல் வரிசை. அந்த ஆண்டுகளில் விற்கப் போனால் கடைசி 12 மாதத்தில் காட்ட என்ன இருக்கும்? மூடாமல் வைத்திருந்தேன். 2024இல் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள், ஆனால் 2023 செப்டெம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகிள் தன் தேடலில் செய்த மாற்றங்களில் சின்னத் தளங்கள் பல அடிபட்டன, என்னுடையதும்தான். காப்பாற்றியது, பதிந்துகொண்ட வாசகர்களுக்கு நான் அனுப்பி வந்த மின்னஞ்சல் மடல். எல்ல பக்கம் விருந்தினர் இல்லம் நடத்தும் ஒரு தம்பதி அந்த மடலுக்காகவே வாங்கினார்கள். உரிமையாளர் மாறப்போகிறார், விரும்பாதவர்கள் விலகலாம் என்று சந்தாதாரர் எல்லாருக்கும் முதலில் எழுதிவிட்டுத்தான் பட்டியலைக் கொடுத்தேன். பலர் வாழ்த்தி எழுதினார்கள்.

உயர்தரம் முடித்தவன்

தையல்கடை அக்கா, இப்போது தொடங்கினால் சரி வருமா? அட்சென்ஸ் கடிதம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. நாங்கள் மேல்மாடி அனெக்ஸில் இருக்கிறோம்.

தையல்கடை மகள், வெள்ளவத்தை

தம்பி, கடிதத்தில் இருந்து தொடங்குவோம். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதி செய்ய ஒரு இரகசிய இலக்கத்தை (PIN) தபாலில் அனுப்புவார்கள். 4 மாதத்துக்குள் அதைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். முகவரியில் அனெக்ஸ், மாடி, வீட்டுக்காரர் பெயர் எல்லாம் சேர்த்து எழுதி மறுபடி கேளுங்கள், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் காசு வரும், அது நேரே வங்கிக்கு வரும்படி வைத்தால் போதும்.

தொடங்கலாமா என்று கேட்டீர்கள். தொடங்கலாம், ஆனால் யாரும் இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயத்தில் வேண்டாம். அந்த இரண்டு வரியைக் கூகிளே இப்போது மேலே எழுதிக் காட்டிவிடுகிறது. கையால் செய்து, படம் எடுத்து, அளந்து பார்த்து மட்டுமே எழுதக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். தெஹிவளை அண்ணா சொன்ன மின்னஞ்சல் மடலை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். தளத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து டொமைன், ஹோஸ்டிங், அனலிட்டிக்ஸ் எல்லாவற்றையும் அதிலேயே வையுங்கள், உங்கள் சொந்த முகவரியில் கலந்தால் கைமாற்றும் நாளில் பிரிக்க முடியாமல் இழுபடும். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதம் வரை வரி இருக்கிறது, அதனால் வரி இலக்கமும் எடுத்து வையுங்கள்.

நான் வைத்திருந்த வரவு செலவுத் தாளையும், ஹட்டன் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்த கோப்பின் முதல் பக்கங்களையும் பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன். வேண்டியவர்கள் இங்கேயே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுவிடுகிறேன்.